மாத்திரைக்குத் துண்டு: கிளினிக்கா, பார்மசியா, போன் டொக்டரா?

அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்தான். கொழும்பில் கடை வேலை செய்துவிட்டு வந்தவள், இப்போது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "சித்தி, ஒரு ரெண்டு வருசத்துக்குப் பிள்ளை வேணாம்னு இருக்கோம். போன்லயே டொக்டர்கிட்ட பேசி மாத்திரைக்குத் துண்டு எடுக்கலாமாமே. எடுக்கவா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கருத்தடை மாத்திரையைக் கிளினிக்கில் வரிசையில் நின்றும் வாங்கியிருக்கிறேன், பார்மசியில் காசு கொடுத்தும் வாங்கியிருக்கிறேன், போன் வழியாக டொக்டரிடம் துண்டு, அதாவது மருந்துச் சீட்டு, எடுத்தும் வாங்கியிருக்கிறேன். மூன்றிலும் நல்லதும் நடந்தது, மனம் நொந்ததும் நடந்தது. அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மலையகத்தில் இதே கேள்வியோடு யாரிடமும் கேட்க முடியாமல் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. துண்டு என்பது ஒரு தாள்தான். அந்தத் தாளுக்குப் பின்னால் நடக்க வேண்டிய வேலை இரண்டு: பிரஷர் பார்ப்பது, சில கேள்விகளைக் கேட்டு உண்மையான பதில் வாங்குவது. இந்த மாத்திரையைத் தொடங்க இரத்தப் பரிசோதனை வேண்டாம், கட்டிலில் படுக்க வைத்துப் பரிசோதிக்கவும் வேண்டாம். அதனால்தான் டொக்டர் போனில் பேசி எழுதிக் கொடுப்பதில் மருத்துவப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பிரஷர் மட்டும் போனில் தெரியாது.

பிரஷர் ஏன் முக்கியம் என்று பலர் கேட்பதில்லை. வழக்கமான மாத்திரையில் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோன் கலந்திருக்கும். 140/90 அல்லது அதற்கு மேல் பிரஷர் உள்ளவர்களுக்கு அந்தக் கலப்பு மாத்திரை பொதுவாகப் பொருந்தாது. 160/100 என்றால் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறைந்து கட்டியானவர்கள், இருதய வருத்தம், ஈரல் வருத்தம், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் புகை பிடிப்பவர்கள், இவர்களுக்கும் இது ஆகாது. பிள்ளை பிறந்து ஆறு வாரத்துக்குள் பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுக்கக் கூடாது, ஆறு மாதம் வரைக்கும் வேறு முறைதான் நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும், வலிப்புக்குக் காபமசெபின், பெனிடொயின் போன்றவை எடுப்பவர்களுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாது.

தலைவலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் வெயிலும் மழையும் பட்டு நிற்கிறவர்களுக்குத் தலைவலி புதிதல்ல, அதை யாரும் நோய் என்று கணக்கெடுப்பதும் இல்லை. ஆனால் தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் மின்னல் வெட்டுவது போல, வளைந்து வளைந்து வெளிச்சம் தெரிந்தால், அல்லது ஒரு பக்கம் பார்வை மறைந்தால், கலப்பு மாத்திரை எடுக்கவே கூடாது. பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது. டொக்டர் "மைக்ரேன் இருக்கா?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், அந்தச் சொல் தெரியாது. கண்ணில் தெரிவதை அப்படியே சொல்ல வேண்டும்.

சரி, கிளினிக்கிலிருந்து தொடங்குகிறேன். 1965இல் அரசாங்கம் குடும்பத்திட்டத்தைத் தாய் சேய் நலச் சேவையோடு சேர்த்ததிலிருந்து இந்த வழி இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், நாங்கள் மிட்வைப் மிஸ் என்போம். மாத்திரை, ஆணுறை, மூன்று மாத ஊசி, கருப்பைக்குள் வைக்கும் லூப், கையில் வைக்கும் குச்சி எல்லாமே இலவசம். பிரஷர் பார்ப்பார்கள், நிறை பார்ப்பார்கள், கொப்பியில் எழுதுவார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதே இடத்தில் வேறு முறைக்கு மாறலாம். பணத்தையும் உடம்பையும் மட்டும் பார்த்தால் இதை மிஞ்சிய வழி கிடையாது.

ஆனால் நம் பெண்கள் பணத்தையும் உடம்பையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நிலையில் இல்லை. கிளினிக் நாள் வேலை நாளில் வரும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், அரைப் பேராவது போகும். பஸ் இல்லாத டிவிஷன் என்றால் ஆட்டோக் காசும் சேரும். இலவச மாத்திரைக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

அப்புறம் மொழி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், எந்த இடம் என்பது வேண்டாம். மூத்தவனுக்கு ஒரு வயது முடிந்த சமயம் கிளினிக்குப் போனேன். அன்று இருந்தவருக்குத் தமிழ் வராது. எனக்கு அப்போது சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அவர் கேட்க, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அக்கா சத்தமாக மொழிபெயர்த்தார்: "கடைசியா எப்ப தலைக்குத் தண்ணி ஊத்துனன்னு கேக்குறாங்க." வரிசையில் என் மாமியாரின் தங்கச்சி நின்றார். வெட்கத்தில் வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னேன். அது தப்பான தேதி. மாதவிலக்கு தொடங்கி ஐந்து நாளைக்குள் மாத்திரையைத் தொடங்கினால் அப்போதிருந்தே பாதுகாப்பு. அதற்குப் பிறகு என்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் ஏழு நாளைக்கு ஆணுறையும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். நான் சொன்ன தேதியை வைத்து அவர்கள் "பரவாயில்லை, இன்றைக்கே தொடங்கு" என்றார்கள். அந்த மாதம் முழுக்க நான் தூங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் பக்கத்துக்குத் தமிழ் பேசும் மிஸ் ஒருவர் வந்தார். அதே கிளினிக், அதே கொப்பி, ஆனால் எல்லாமே மாறிப்போனது. மரத்தடியில் தள்ளி நிறுத்தித் தனியாகப் பேசினார். பழுப்பு மாத்திரை எதற்கு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆகவே கிளினிக்கைப் பற்றி நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் பகுதி மிஸ்ஸுக்குத் தமிழ் வருமா, தனியாகப் பேச இடம் கொடுப்பாரா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டும் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இன்னொரு தயக்கமும் உண்டு. எங்கள் அம்மாமார் காலத்தில் குடும்பத்திட்டம் என்றாலே நிரந்தரக் கருத்தடை ஆப்பரேஷன்தான். நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் அது நீண்ட காலமாகவே அதிகம். அதனால் கிளினிக்குப் போனால் நிரந்தரமாக ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் இன்னும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பேசப்படுகிறது. மாத்திரை அப்படி அல்ல. நிறுத்தினால் கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும். சிலருக்கு நிறுத்திய அடுத்த மாதமே உண்டாகிவிடும். எந்த முறையையும் உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் கொடுக்கக் கூடாது, "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம்.

கல்யாணம் ஆகாத பிள்ளைகளின் நிலை வேறு. மிட்வைப்பின் பதிவேடு குடும்பங்களை, தம்பதிகளை வைத்து நடப்பது. அதில் தன் பெயரைச் சொல்லி மாத்திரை கேட்க இருபது வயதுப் பிள்ளைக்குத் துணிவு வராது. அவர்களிடம் போய் "கிளினிக்தான் நல்லது" என்று நான் சொல்லமாட்டேன்.

பார்மசி வழி சுருக்கமானது. 1953இல் தொடங்கிய இலங்கை குடும்பத் திட்டச் சங்கத்தின் 'மிதுரி' மாத்திரையைத் தெரியாதவர்கள் குறைவு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பார்மசியில் பெயரைச் சொன்னால், துண்டு கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. விலையும் தாங்கக்கூடியதுதான். வெட்கமாக இருந்தால் புருஷனை அனுப்பலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஆனால் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை. என் பக்கத்துக் காம்பரா (லயத்து அறை வீடு) பெண் எட்டு மாதம் இப்படி வாங்கிப் போட்டாள். கண்ணில் வெளிச்சம் ஓடி அப்புறம் தலை பிளக்கும் என்று ஒருநாள் குழாயடியில் சாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளை மாத்திரையை நிறுத்த வைத்து, லூப்புக்கு மாற்ற டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஏற்கெனவே டொக்டரோ மிஸ்ஸோ பார்த்து, இது உனக்கு ஒத்துவரும் என்று சொன்ன பிறகு, அடுத்தடுத்த அட்டைகளை வாங்கப் பார்மசி நல்ல இடம். தொடங்குவதற்கு அல்ல.

இப்போது போன் டொக்டர். டொக்990, இசெனலிங் போன்ற சேவைகளில் டொக்டரைத் தெரிவு செய்து, நேரம் எடுத்து, காசு கட்டினால் போனிலோ வீடியோவிலோ பேசலாம். பேசி முடிந்ததும் துண்டு போனுக்கே வரும், அதைப் பார்மசியில் காட்டலாம். இதில் எனக்குப் பிடித்தது நேரம். கொழுந்து நிறுத்து, பிள்ளைக்குச் சோறு கொடுத்து, இரவு எட்டு மணிக்குப் பேசலாம். பேர் போகாது. டொக்டர் முகம் தெரியாதவர், என் மாமியாருக்குச் சொந்தக்காரர் அல்ல. தமிழ் டொக்டரைத் தேடிப் பிடிக்கலாம். இந்த ஒன்றுக்காகவே கட்டணம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டணம் மாத்திரை அட்டையின் விலையைப் போலப் பல மடங்கு. ஆனால் அது மாதாமாதம் கட்டும் காசு அல்ல, ஒழுங்காகப் பேசினால் ஒரு தடவை பல மாதத்துக்குப் போதும். போன பேரையும் ஆட்டோக் காசையும் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாத வீடுகளும் உண்டு.

என் முதல் அனுபவம் நல்லதாக இல்லை. எந்தச் சேவை, எந்த டொக்டர் என்று சொல்லவில்லை. மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளை, அவ்வளவுதான். பிரஷரைக் கேட்கவே இல்லை. துண்டு வந்துவிட்டது. பார்மசியில் கேள்வி இல்லாமல் வாங்குவதற்கும் இதற்கும் காசைத் தவிர என்ன வித்தியாசம்? இரண்டாவது தடவை வேறொரு டொக்டர். அவர் முதலில் கேட்டதே, "அம்மா, இந்த மாதம் பிரஷர் பார்த்தீர்களா?" என்றுதான். இல்லை என்றேன். "பார்த்துவிட்டு நாளைக்குப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். அப்போது எரிச்சல் வந்தது உண்மை. இப்போது யோசித்தால் அவர்தான் டொக்டர்.

ஆகவே பேசப் போகும் முன் பிரஷரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்க்கலாம், டவுனில் சில பார்மசிகளிலும் பார்ப்பார்கள். படி ஏறிப் போன மூச்சோடு கையை நீட்டக் கூடாது. நம் டிஸ்பென்சரிகள் எல்லாம் மேட்டில்தானே இருக்கின்றன! ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இல்லாத பிரஷர் காட்டும். அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். எதற்கென்று கேட்டால் தலைச் சுற்று என்று சொன்னாலும் போதும்.

துண்டில் டொக்டரின் பெயரும், இலங்கை மருத்துவப் பேரவைப் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இலக்கம் இல்லாத துண்டை நம்ப வேண்டாம். பேஸ்புக்கில் "டொக்டர்" என்று போட்டுக்கொண்டு இன்பொக்ஸில் மாத்திரை விற்பவர்களிடம் போகவே வேண்டாம்.

ரகசியம் என்று நினைத்துத்தான் பலர் போன் வழியைத் தேடுகிறார்கள். அதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. போன் யாருடையது? வீட்டுக்கு ஒரு போன் என்றால், காசு கட்டிய மெசேஜ், நேரம் எடுத்த மெசேஜ், துண்டு எல்லாம் அதில்தான் வரும். மாத்திரையை வீட்டுக்கே அனுப்புவதாகச் சில சேவைகள் சொல்லும். கொழும்பில் அது வசதி. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்களில் பார்சல் எங்கே போகும்? தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலோ கொடுத்து அனுப்புவார்கள். கடிதங்களே அப்படித்தான் நாட்கணக்கில் சுற்றிவிட்டு வருகின்றன. ஆகவே பார்சல் வேண்டாம், துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு சம்பள நாளில் டவுனுக்குப் போகும்போது நீங்களே வாங்குங்கள். காம்பராவுக்குள் நின்று பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும், சிக்னலும் பாதியில் அறுந்துபோகும். நான் கோயில் பக்கத்து வளைவில் நின்றுதான் பேசினேன்.

எந்த வழியில் தொடங்கினாலும், முதல் அட்டை வாங்குவது சுலபம். நான் பார்த்தவரையில் ஆட்கள் தவறுவது மூன்றாவது, ஐந்தாவது அட்டையில்தான். ஒருநாளும் விடாமல் எடுத்தால் வருடத்தில் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் தங்குவது அரிது. சாதாரணமாக, விட்டு விட்டு எடுக்கும் உண்மையான வாழ்க்கையில் அது ஏழு பேர். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் அந்த ஏழு பேரில் ஒருவராக இருப்பது இங்கே சின்ன விஷயம் அல்ல.

28 மாத்திரை உள்ள அட்டையில் 21இல்தான் ஹார்மோன். கடைசி ஏழும், பெரும்பாலும் பழுப்பு நிறம், இரும்புச் சத்து. அதைச் சிலர் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த அட்டையை எப்போது தொடங்குவது என்று மறந்துவிடுகிறார்கள். இரத்தம் குறைந்த நம் பெண்களுக்கு அந்த ஏழும் நல்லதுதான். ஒரு மாத்திரை விட்டுப் போனால் ஞாபகம் வந்தவுடன் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு எடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. அடுத்தடுத்து இரண்டோ அதற்கு மேலோ விட்டுப் போனால், ஏழு நாள் தொடர்ந்து மாத்திரை எடுக்கும் வரை ஆணுறையும் வேண்டும். ஒன்றும் இல்லாமல் சேர்ந்துவிட்டால் அவசர மாத்திரை இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதை மாதாமாதம் எடுக்கும் மாத்திரையாக நினைக்கக் கூடாது. பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், இடையில் கொஞ்சம் இரத்தம் படுவது சகஜம். இந்த நேரத்தில்தான் பலர் பயந்து நிறுத்துகிறார்கள். கேட்பதற்கு யார் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். மிட்வைப் மிஸ் என்றால் வழியில் கண்டும் கேட்கலாம். போன் டொக்டர் என்றால் திரும்பவும் நேரம் எடுத்துக் காசு கட்ட வேண்டும், அநேகமாக வேறொருவர் வருவார், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். போன் வழியின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

கால்வலியை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். மலை ஏறி இறங்கும் கால் தினமும் வலிக்கும், அது இரண்டு காலிலும் வலிக்கும், படுத்தால் குறையும். ஒரு கால் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் நோகும்படி இருந்தால் அது வேறு. அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரென்று பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் போன் டொக்டரையும் தேடாதீர்கள், கிளினிக் நாளையும் பார்க்காதீர்கள். 1990க்கு அழைத்து ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரை எடுப்பதை அங்கே சொல்லுங்கள்.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் பகுதி மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும், நல்லவர் என்றும் சொன்னாள். ஆனால் மிஸ் வீட்டுக்கு வந்தால் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம், பேரப்பிள்ளைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். புருஷனுக்குச் சம்மதம்தான், அம்மாவிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. அப்படியானால் போனிலேயே தொடங்கு என்றேன், பிரஷர் பார்த்துவிட்டு.

புதன்கிழமை டிஸ்பென்சரிக்குப் போனாள். ஏறிப் போனதும் 138/88. பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு 118/76. வெள்ளி இரவு புருஷனின் போனில், இருவரும் ரோட்டோரம் நின்று, ஒரு தமிழ் டொக்டரோடு பேசினார்கள். தலைவலி, கால்வலி, காசநோய், எல்லாம் கேட்டாராம். மூன்று அட்டைக்கு எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் திரும்பவும் பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அட்டையைத் தையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள், இரவுச் சாப்பாடு முடிந்ததும் எடுக்கிறாள். நாலாவது அட்டைக்கு மிஸ்ஸிடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்க்கப் போகிறாளாம். மிஸ்ஸின் நம்பர் அவள் போனில் "டெய்லர் அக்கா" என்ற பெயரில் இருக்கிறது.